பத்து மீட்டர் மஹ்ரூஸ்

மஹ்ரூஸிடம் யார் போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "எதிலேருந்து பாக்கணும்?" என்று திருப்பிக் கேட்பார்.

எங்கள் கிளப்பின் டீக்கடையில் நான் நின்ற இருபத்திரண்டு வருஷத்தில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி ஹாஜி" என்றால் "எந்த நாளை விட?" "தக்காளி விலை ஏறிப்போச்சு" என்றால் "எந்த மாசத்துலேருந்து?" ஹஜ்ஜுக்குப் போகாமலே அவர் ஹாஜி. வயதானவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். வாசலில் இஸ்திரி போடும் ஸப்ரி ஒருநாள் கடுப்பாகி, "ஹாஜி, உங்ககிட்ட ஸலாம் சொல்லக்கூட பயமா இருக்கு, எந்த ஸலாமை விடன்னு கேப்பீங்க" என்றார். மஹ்ரூஸ் சிரித்துவிட்டு அவருக்கு ஒரு டீ சொன்னார்.

என் கணவர் இறந்தபோது நாற்பது நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்து போனார்கள். எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். மஹ்ரூஸ் மட்டும் கேட்கவில்லை. ஒரு பை அரிசியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றுதான் அவர் விளையாட்டுக்காக அப்படிக் கேட்பதில்லை என்று எனக்குப் புரிந்தது.

மன்சூராவில், நைல் கரையில் இருக்கும் எங்கள் கிளப்பில் அவர்தான் டென்னிஸ் ஆடுகளங்களைப் பார்த்துக்கொள்கிறார். செங்கல் பொடி போட்ட சிவப்பு மண் ஆடுகளங்கள். தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, வலை இழுத்து, வெள்ளைக் கோட்டு நாடாவை ஆணி வைத்து அடிப்பது வரை எல்லாம் அவர் கைதான். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடிக்கிற ஆளாக இருந்தார். மேற்குப் பாலைவனத்தை உழுது வயலாக்கின காலம் அது. வயலாக்குவதற்கு முன்னால் பிரித்துக் கொடுக்க வேண்டும், பிரிப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும்.

கூட்டம் இல்லாத மதியங்களில் அந்தக் கதையைச் சொல்வார். என்னை உம்மு ஹாஸிம், அதாவது ஹாஸிமின் அம்மா, என்றுதான் கூப்பிடுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். பதில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவருக்கும் அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"அங்க ஒண்ணுமே கிடையாது உம்மு ஹாஸிம். மரம் இல்ல, சுவரு இல்ல, நாய்கூட இல்ல. எங்கேருந்து அளப்பே? அதனால முதல்ல ஒரு கோடு போடுவோம். அதுதான் அடிக்கோடு. ரெண்டு முனையிலும் சிமெண்டுல இரும்பு முளை. அந்தக் கோடு சரியா இருந்தா ஆயிரம் வயலும் சரி. அது ஒரு சாண் தப்பினா, இருபதாவது வயல்ல அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோட நிப்பாங்க."

அடிக்கோடு அளக்கிற நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சூரியன் ஏறினால் இரும்பு நாடா நீண்டுவிடும். அதனால் விடியும் முன்பே ஆரம்பிப்பார்கள். மூன்று தடவை அளப்பார்கள். மூன்று அளவும் ஒத்துப்போகும்வரை யாரும் ரொட்டிப் பையைத் திறக்கக் கூடாது, டீ வைக்கக் கூடாது, இன்ஜினியர் உட்பட. ஒருமுறை ஒன்பது தடவை அளந்தார்களாம். "அன்னைக்கு அவிச்ச மொச்சை சாயங்காலம் அஸருக்குத்தான் கிடைச்சுது. அதோட ருசி இன்னும் நாக்குல இருக்கு" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். கடைசியாக அடித்த முளையிலிருந்து அடுத்ததை ஒருபோதும் அளக்கக் கூடாது. எப்போதும் முதல் கோட்டுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். நடக்கச் சோம்பல்பட்டுப் பக்கத்து முளையிலிருந்து அளந்தால், ஒவ்வொரு முளையிலும் ஒரு மயிரிழை தப்பு சேரும். ஐம்பதாவது முளையில் அது ஒரு வாசல் அகலம் ஆகிவிடும்.

மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டி வந்தபோது அவர் பாலைவனத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். கிளப்பில் "நேராகக் கோடு போடத் தெரியுமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்களாம். முதல் நாள் டென்னிஸ் கோச் ஒரு பெண்ணைப் பார்த்து, "அடிக்கோட்டுக்குப் போ, அங்கேருந்து ஆடு" என்று கத்தியதைக் கேட்டு மஹ்ரூஸுக்கு ஒரே சந்தோஷம். ஆடுகளத்தின் இரண்டு கடைசியிலும் இருக்கும் கோட்டுக்கும் அதே பெயர்தான். "இங்கேயும் அதுதான் முதல்ல" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அந்த வார்த்தை அவரை விடவில்லை. அவருடைய மச்சான் கடலோரத்தில் மீன் பிடிக்கிறவர். அலை நன்றாக வடிந்து நிற்கிற கரைக்கோட்டிலிருந்துதான் நாட்டின் கடல் எல்லையையே கணக்குப் போடுகிறார்கள், அதற்கும் அடிக்கோடு என்றுதான் பெயர் என்று அவர் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். மஹ்ரூஸ் ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொன்னார்.

அவர் குடியிருக்கும் தெருவில் சாக்கடை போடும் திட்டம் வந்தபோது இரண்டு பெண்கள் காகிதமும் பேனாவுமாக வீடு வீடாக வந்தார்கள். வேலை ஆரம்பிக்கும் முன்னால் இப்போதைய நிலைமையை எழுதிக்கொள்ள வேண்டுமாம். எத்தனை பேர், என்ன சாப்பாடு, குழந்தைகளுக்கு எத்தனை தடவை வயிற்றுப்போக்கு என்று கேட்டார்கள். எங்கள் சனம் விருந்தாளி முன்னால் இல்லை என்று சொல்லுமா? பக்கத்து வீட்டுக்காரி வாரத்தில் நாலு நாள் இறைச்சி என்றாள். எதிர்வீட்டுக்காரி, எங்கள் பிள்ளைகளுக்கு நோயே வராது, மாஷா அல்லாஹ் என்றாள். மஹ்ரூஸ் உள்ளே இருந்து பனியனோடு ஓடிவந்தார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இதுதான் அடிக்கோடு. இன்னிக்குப் பெருமைக்கு நாலு நாள் இறைச்சின்னு எழுதினா, ரெண்டு வருஷம் கழிச்சு வந்து பாத்துட்டு, சாக்கடை போட்டதாலதான் இந்தத் தெருவே ஏழையாப் போச்சுன்னு எழுதுவாங்க. உண்மையைச் சொல்லுங்கடி."

பக்கத்து வீட்டுக்காரி முகத்தை மூடிக்கொண்டு, "சரி, மாசத்துக்கு ஒருதரம்" என்றாள். "கோழி" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவருடைய இதயம் கூட அப்படித்தான். ஐந்து வருஷத்துக்கு முன் உருளை ஓட்டும்போது மயங்கி விழுந்தார். ஸப்ரியும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இதயத் துடிப்பை வரைந்த காகிதத்தைப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஒரு இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்ததாம். உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும், தொடையில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓடினார். மஹ்ரூஸ் கண்ணைத் திறந்து, "எதை விடப் பள்ளம்?" என்றார். டாக்டர் அவருக்கு மூளையும் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். மஹ்ரூஸ் தன் பர்சைக் காட்டினார். அதில் எட்டாக மடித்த ஒரு காகிதம். முப்பது வயதில் அளவைத் துறை வேலைக்காக அவர் இதயத்தை வரைந்தது. அதே இடத்தில் அதே பள்ளம்.

டாக்டர் இரண்டு காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது உங்க பிறவி அமைப்பு ஹாஜி. வெயில்ல தண்ணி குடிக்காம உழைச்சிருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார். ஒரு பாட்டில் உப்புநீர் ஏற்றி, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதைகள். அந்த வியாழக்கிழமை நடந்தது அப்படியில்லை.

அது ஜூலை மாதம். டெல்டா மாவட்டங்களுக்கான பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டி எங்கள் கிளப்பில் மூன்று நாள் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எங்கள் பக்கம் ருதைனா, இஸ்திரிக்கார ஸப்ரியின் மகள். எதிரே கடலோர ஊரிலிருந்து வந்த உயரமான ஒரு பெண். ஜெயிக்கிறவளுக்குக் கெய்ரோவில் தேசியப் பயிற்சி முகாமில் இடம். ஸப்ரி அன்று அடுப்பே மூட்டவில்லை. மற்றவர்களின் சட்டைகள் கசங்கியபடி கூடையில் கிடந்தன.

உயரமான பெண் பந்தை ஆழமாக அடிப்பாள், அழகாக அடிப்பாள். ஆனால் அன்று அவளுடைய பந்துகள் திரும்பத் திரும்ப அடிக்கோட்டுக்கு வெளியே இரண்டு விரல், மூன்று விரல் தள்ளி விழுந்தன. கடைசிப் பந்தும் அப்படித்தான். நடுவர் இறங்கிவந்து மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தார். வெளியே. ருதைனா மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அப்பாவைத் தேடி ஓடினாள். ஸப்ரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் கோச், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் ஸர்வத், பையிலிருந்து ஒரு மஞ்சள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"தடம் வெளியேதான். நான் இல்லன்னு சொல்லல. கோடே உள்ளே வந்திருந்தா?"

இரண்டு பேர் நாடாவை ஒரு அடிக்கோட்டிலிருந்து மறு அடிக்கோடு வரை விறைப்பாக இழுத்தார்கள். இருபத்து மூன்று மீட்டர் எழுபத்தேழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எழுபதுதான் இருந்தது. ஏழு சென்டிமீட்டர் குறைவு.

பெஞ்சுகளிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. தலைமை நடுவர் மெர்வத் அம்மா தானே குனிந்து நாடாவைப் படித்தார். அவரும் எழுபது என்றார். எங்கள் விளையாட்டுப் பொறுப்பாளர் கேப்டன் லுத்ஃபியின் கழுத்து சிவந்துவிட்டது.

"ஹாஜி! என்ன இது?"

மஹ்ரூஸ் வலைக்கம்பத்தின் அருகில் நின்றிருந்தார். "எதிலேருந்து அளந்தாங்க?" என்றார்.

எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஸர்வத் சொன்னார்: "இந்தக் கோட்டிலேருந்து அந்தக் கோடு வரைக்கும். வேற எதிலேருந்து? உங்க வீட்டு வாசல்லேருந்தா?"

சிரிப்பு. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். எனக்கு அதுதான் வலித்தது.

"கோடு இருக்கட்டும் கேப்டன். உங்க நாடாவை எதை வச்சு அளந்தீங்க?"

"நாடாவை யாராவது அளப்பாங்களாய்யா?"

"நாங்க அளப்போம்" என்றார் மஹ்ரூஸ்.

அவரிடம் நாடா கிடையாது. பழைய இரும்பு நாடா வசந்தகாலத்தில் முறிந்துபோனது. புதிது கேட்டு எழுதிய காகிதம் லுத்ஃபியின் மேசையில்தான் இருந்தது. அதனால் அந்த வருஷம் கோடுகளை ஒரு எஃகுக் கம்பியை வைத்துப் போட்டிருந்தார். மரச்சக்கரத்தில் சுற்றிய கம்பி, அளவுகளில் ஈயப் பொட்டு வைத்தது. அதைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். இரண்டு கோட்டிலும் பொட்டு சரியாக உட்கார்ந்தது.

"இது கபாப் குத்துற கம்பி" என்றார் ஸர்வத். "உங்க பொண்ணு பந்து அடிக்கிற இடம் உங்களுக்குத் தெரியும். எங்க பொண்ணு ஆழமா அடிக்கிறவன்னும் தெரியும். கோட்டை உள்ளே நகர்த்திட்டீங்க. இது ஆட்டமில்ல, திருட்டு."

திருட்டு என்ற சொல் விழுந்ததும் யாரும் சிரிக்கவில்லை. லுத்ஃபி மஹ்ரூஸின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். டீ எடுத்துப் போன எனக்குக் கேட்டது. "கோடு தப்புன்னு ஆச்சுன்னா சனிக்கிழமை நீங்க வர வேணாம் ஹாஜி."

மெர்வத் அம்மா கையை உயர்த்தினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. "ஆடுகளம் குறைவா இருந்தா இதுல நடந்த மூணு நாள் ஆட்டமும் செல்லாது. முகாமுக்குப் பேர் அனுப்ப எனக்கு பொழுது சாயற மஃரிப் வரைக்கும்தான் நேரம். ஒரு பக்கம் நாடா, ஒரு பக்கம் கம்பி. ரெண்டுல எதை நான் நம்பறது?"

"ரெண்டையும் நம்ப வேணாம்மா. இங்க வாங்க" என்று மஹ்ரூஸ் நடந்தார்.

முதல் ஆடுகளத்துக்குப் பின்னால் சுவரோரம் ஒரு நடைபாதை உண்டு. அங்கே தரையில் இரண்டு இரும்புத் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தட்டோடு இரண்டு தடவை அதில் தடுக்கியிருக்கிறேன். கொடிக்கம்பம் நட வைத்தது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மஹ்ரூஸ் முழங்கால் போட்டு மண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு தலையிலும் ஊசியால் கீறியதுபோல ஒரு சிலுவைக்குறி.

"நான் இங்க வந்த முதல் வருஷம் போட்டது. அளவைத் துறையிலேருந்து என் பழைய இன்ஜினியர் ஒரு விடியக்காலம் நாடாவோட வந்தாரு. பத்து மீட்டர். மூணு தடவை அளந்தோம். ஒவ்வொரு வருஷமும் என் நாடாவை, இந்த வருஷம் கம்பியை, இதுல வச்சுப் பாத்துட்டுத்தான் கோடு போடுவேன். இப்ப உங்க நாடாவை இதுல வைங்க கேப்டன்."

வைத்தார்கள். ஒன்பது மீட்டர் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்.

"பாத்தீங்களா? நாடா நீண்டுபோச்சு. நீண்ட நாடா எதையும் குறைச்சுத்தான் காட்டும்."

ஸர்வத் விடவில்லை. "முளை நீங்க அடிச்சது, கம்பி நீங்க வெட்டினது. வழக்கும் உங்களுது, சாட்சியும் நீங்க, காஜியும் நீங்களேவா?"

மெர்வத் அம்மா, "அவர் சொல்றது நியாயம் ஹாஜி" என்றார். "மூணாவது ஆள் ஒருத்தர் வேணும்." அளவைத் துறை அலுவலகத்துக்கு போன் போட்டார்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகம் காலி. வெள்ளி, சனி அரசு விடுமுறை.

மஹ்ரூஸ் முளையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நீட்டிய டீயை வாங்கவில்லை. "அளந்து முடியட்டும்" என்றார்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். கிளாஸை எண்ணுகிறதும் முகத்தைப் பார்க்கிறதும்தான் என் வேலை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் சில விஷயம் தெரியும். கிளப்புக்கு அந்தப் பக்கம் புதுப் பாலம் கட்டுகிறார்கள். மூன்று வாரமாக மஞ்சள் உடுப்புப் போட்ட ஐந்து பேர், மூன்று கால் கருவியோடு, வேலி ஓட்டை வழியாக என்னிடம் டீ வாங்குகிறார்கள். நான் மஹ்ரூஸின் காதில் அதைச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயே போய்க் கூட்டிட்டு வா. நான் இங்கேருந்து நகர்ந்தா முளையை ஆட்டிட்டேன்பாங்க."

போனேன். அவர்களுடைய இன்ஜினியர் வேன் நிழலில் குஷரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் அத்ஹம். இரண்டு சர்க்கரை, புதினா கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "பாஷ்முஹந்திஸ்" என்றேன். இன்ஜினியர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். பிறகு, "ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டாங்க. பத்து மீட்டர் அளக்கணும்" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

எஃகு நாடா, இழுவையைக் காட்டும் சின்ன வில்தராசு, வெப்பமானி எல்லாம் கொண்டுவந்தார். நாடாவின் ஒரு முனையை நீட்டியதும் மஹ்ரூஸ் வாங்கி, குதிகாலை ஊன்றி, முழங்கையை இடுப்பில் வைத்து, குறியின்மேல் பிடித்தார். அத்ஹம் பார்த்துவிட்டு, "நீங்க இதுக்கு முன்னாடி பிடிச்சிருக்கீங்களா ஹாஜி?" என்றார்.

"கொஞ்சம்" என்றார் மஹ்ரூஸ். பிறகு மெர்வத் அம்மாவிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "இப்பவே சொல்லிடறேன். இந்த வெயில்ல பாஷ்முஹந்திஸோட நாடாவும் குறைச்சுத்தான் காட்டும். ரெண்டு மில்லிமீட்டர்" என்றார்.

மூன்று தடவை அளந்தார்கள். மூன்று தடவையும் ஒரே எண். ஒன்பது மீட்டர், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர்.

"குறையுது! குறையுது பாருங்க!" என்று ஸர்வத் குதித்தார்.

அத்ஹம் வெப்பமானியைப் பார்த்தார். நாற்பது டிகிரி. போனில் கணக்குப் போட்டார். "நாடா இருபது டிகிரியில சரிபார்த்தது. இப்ப நாற்பது. பத்து மீட்டருக்கு ரெண்டு மில்லிமீட்டர் சேர்க்கணும்." எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "பத்து மீட்டர். சரியா பத்து மீட்டர். ஹாஜி, இதைப் போட்டது யாரு?"

அதற்குள் மஹ்ரூஸ் எழுந்து ஆடுகளத்துக்கு நடந்தார். கூட்டம் முழுக்கப் பின்னாலேயே போனது. அங்கேயும் மூன்று தடவை. வெயிலுக்குச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, அத்ஹம் உரக்கப் படித்தார். இருபத்து மூன்று மீட்டர் எழுபத்தேழு.

ஸப்ரி ஓடிவந்து மஹ்ரூஸைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். பெண்கள் குலவை விட்டார்கள். நானும் விட்டேன். என் கல்யாணத்தில்கூட நான் குலவை விட்டதில்லை. லுத்ஃபி ஏதோ சொல்ல வந்தார். மஹ்ரூஸ், "முதல்ல இரும்பு நாடா வாங்குங்க கேப்டன்" என்றார். மெர்வத் அம்மா போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். ருதைனா ஸப்ரி என்று எழுத்துக் கூட்டிச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

ஆனால் நான் ஸர்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. தன் மஞ்சள் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஹாஜி" என்றார். "எங்க கிளப்ல போன வருஷம் மூணு கோர்ட்டும் நான்தான் போட்டேன். இதே நாடாவால."

மஹ்ரூஸ் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அப்ப உங்க கோர்ட் ஏழு சென்டிமீட்டர் நீளம் ஜாஸ்தி" என்றார். "ஒரு வருஷமா உங்க பொண்ணு நீளக் கோர்ட்டுல அடிச்சுப் பழகியிருக்கா. இங்க வந்து அதே இடத்துல அடிச்சிருக்கா."

வலைக்கு அருகில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்த உயரமான பெண் துண்டை விலக்கினாள். "அப்ப நான் தப்பா அடிக்கலையா?"

"இல்லம்மா. நீ உன் கோட்டுக்குச் சரியாத்தான் அடிச்சே."

ஸர்வத் எல்லோர் முன்னாலும் மஹ்ரூஸின் தலையில் முத்தமிட்டார். "நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கறேன். வேணும்னா ரெண்டு அறை விடுங்க."

"அறையெல்லாம் வேணாம். நாடாவைக் குடுங்க" என்று வாங்கி, இனி யாரும் அதை வைத்து அளக்காதபடி முனையில் ஒரு முடிச்சுப் போட்டு, கிணற்று வாளிக்குக் கயிறாக்கச் சொல்லித் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உம்மு ஹாஸிம், இப்ப டீ."

அன்று நாற்பத்தாறு கிளாஸ் போட்டேன். அத்ஹமுக்குப் புதினா இல்லாமல்.

அடுத்த வாரமே மஹ்ரூஸ் பஸ் ஏறிக் கடலோர ஊருக்குப் போய் மூன்று ஆடுகளத்திலும் கோட்டைப் பிடுங்கி, மறுபடி அடித்துவிட்டு வந்தார். கூடவே அங்கேயும் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை. ஒரு கூடை மத்தி மீனோடு திரும்பினார். அந்த உயரமான பெண் அடுத்த வருஷம் அதே போட்டியில் ஜெயித்தாள்.

இப்போது மஹ்ரூஸுக்கு அறுபத்தெட்டு வயது. கிளப்பில் அவருக்கு ஆடுகளப் பொறுப்பாளர் என்று பதவியும் ஒரு சின்ன அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ஆடுகளங்கள் அவர் கையில் இருக்கின்றன. டெல்டாவில் பதினோரு கிளப்புகள் கோடு போடுவதற்கு முன்னால் தங்கள் நாடாக்களை இங்கே கொண்டுவந்து சரிபார்க்கின்றன. பாலத்து ஆட்களும் மாதம் ஒருமுறை வருகிறார்கள். ருதைனா கெய்ரோவில் இருக்கிறாள், பயிற்சி முகாமில் இரண்டாம் வருஷம். ஸப்ரி அவளுடைய ஆட்ட உடுப்புகளைப் பஸ்ஸில் வரவழைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புகிறார்.